எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 8, 1948) சென்னையில் மருத்துவம் பயின்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணியாற்றிய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டினையும் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து பிரித்தறிந்தார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுக்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தன. அதன் எதிர்ப்பொருட்களான அமினாப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றையும், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தையும், முதல் டெட்ராசைக்கிளின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான ஆரியோமைசினையும் உருவாக்கின.

டி.என்.ஏ.யின் நான்கு கட்டுமானப் பொருட்களுள் ஒன்றான தைமிடினைப் பற்றிய ஆய்வு வரலாற்றில் சுப்பாராவின் பெயர் பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. அவர் தைமிடினை ஆராய்ந்தவர் அல்லர் என்பதே காரணம். ஆயினும் ஃபோலிக் அமிலம் இரத்தசோகையைக் குணப்படுத்துவதும், அதன் எதிர்ப்பொருள் இரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதும் உயிரணுவுக்குள் தைமிடின் கிடைப்பதையும் கிடைக்காமற் போவதையும் பெரிதும் சார்ந்தவை. இது தெளிவாக விளங்கியது அவர் இறந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பிறகே.

இளமைக்காலம்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் (தற்போது ஆந்திரப் பிரதேசம்) ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளுள் சுப்பாராவ் நான்காமவர். குடும்பத்தில் வறுமை இருந்தது. சிறுவனாக இருந்தபோது, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவரப்பட்டார். படிப்பிலும் தொடக்கத்தில் சிறக்கவில்லை. மெட்ரிக்குலேசன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார்.

துறவில் நாட்டம் கொண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் இசையவில்லை. மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யுமாறு மடத்தினர் அறிவுரை கூறவே, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்கு உதவினர். 1919 இல் அவர் மகள் சேஷகிரியை மணந்தார்.

காந்தியடிகள் அந்நியத் துணிகளைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்த காலம் அது. சுப்பாராவ் கதரில் தைத்த அறுவை மருத்துவ அங்கியை அணிந்து கல்லூரிக்குச் சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு இதனால் அதிருப்தியுற்றார். எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும், சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. சென்னை மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை.

ஸ்ப்ரூ நோய்

இக்காலத்தில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவர் குடும்பத்தைத் தாக்கியது. நாட்டு மருத்துவத்தில் கிராணி எனப்படும் நீண்டகாலக் கழிச்சல் நோய்களுடன் இதனை ஒப்பிடலாம். சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்து, உண்ட உணவின் சத்தை உறிஞ்ச இயலாமற் போகும், உடல் மெலியும், நாக்கு புண்ணாகும், கடும் இரத்தசோகை உண்டாகும். சுப்பாராவின் உடன்பிறந்தோர் இருவர் குறுகிய இடைவெளியில் இந்நோய்க்குப் பலியாயினர். அவரும் இதே நோய்க்கு ஆளானார். ஆங்கில மருத்துவத்தில் அப்போது இதற்கு உறுதியான மருந்து இல்லை. ஆயுர்வேத மருத்துவர் அசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். (இவருடைய மனைவியே சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரான ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூரில் அவர் பெயரில் சாலை உள்ளது.)

அலோபதி பயின்ற சுப்பாராவ் அதன்பின் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஆயுர்வேத மருந்துகளைத் தற்கால அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்ற எண்ணம் இங்கே வலுப்பெற்றது. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் மாமனாரின் பணமும் கிடைக்க, 1922 இறுதியில் பாஸ்டன் நகரை அடைந்தார். அப்போது மனைவி கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. தந்தை அக்குழந்தையைப் பார்க்கவேயில்லை. சில ஆண்டுகளில் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றவர் கடைசிவரை இந்தியாவுக்குத் திரும்பவில்லை. சேஷகிரி அம்மையார் கணவர் இன்றியே வாழ்ந்தார். சுப்பாராவைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் பலவும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

ஆர்வர்டில்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த சுப்பாராவுக்கு உதவித்தொகை இல்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். டிப்ளோமா பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் ஃபிஸ்க்குடன் பணியாற்றத் தொடங்கினார்.

இருவரும் 1925 இல் வெளியிட்ட பாஸ்பரசை அளவிடும் முறை ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை எனப்படுகிறது. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் நிறமாற்றத்தின் அடிப்படையில் பாஸ்பேட்டை அளக்க இம்முறை பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்துள்ளது. இந்தக் கருவி கையில் இருந்ததால்தான் அடுத்த கண்டுபிடிப்புகள் சாத்தியமாயின. 1927 இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை அறிவித்தனர் (இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதே காலத்தில் இதனைக் கண்டனர்). 1929 இல் ஏ.டி.பி.யைப் பிரித்தனர், அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக இதனைக் கண்டறிந்தார். லாக்டிக் அமிலமே தசை இயக்கத்தின் நேரடிக் காரணம் என்று அதுவரை நிலவிய கருத்து இக்கண்டுபிடிப்புகளால் ஆட்டம் கண்டது. சுப்பாராவ் 1930 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்வளவு செய்தும் ஆர்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோட்டைடுகள் பற்றிய முடிவுகளை ஃபிஸ்க் வெளிவரவிடவில்லை என்றும், அதனால் பிறர் அவற்றைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் அத்துறையில் அப்போது மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார். டி.என்.ஏ. தயாரிப்பைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியமைக்காக 1988 இல் நோபல் பரிசு பெற்றோருள் ஹிட்சிங்சும் ஒருவர் என்பதால் இக்கூற்றைப் புறந்தள்ள இயலாது. மறுபுறம், தம் பெயரை முன்னிறுத்திக்கொள்வதில் சுப்பாராவுக்கும் ஆர்வம் இருந்ததில்லை.

ஃபோலிக் அமிலம்

1940 இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். இது அமெரிக்கன் சயனமைடு நிறுவனத்தின் பகுதியாகும். விரைவில் ஆய்வுப்பிரிவின் இயக்குநரானார். ஆர்வர்டில் இருந்தபோதே இரத்தசோகையைத் தீர்க்கும் ஈரல் சாற்றில் உள்ள சத்துப்பொருளைத் தேடிவந்தவர் அவர்.

அந்தத் தேடலின் முந்தைய பகுதி ஒன்று இந்தியாவில், அதிலும் சென்னையில் நிகழ்ந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணித் தொழிலாளர்களுக்கு உண்டாகும் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டு சோதித்தார். 1931 இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் (தற்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்நோய் நீங்குவதை அவர் கண்டார். அச்சாற்றில் இருந்த இனம் தெரியாத பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. சுப்பாராவ் மெட்ரிக்குலேசன் எழுதிய பள்ளியும் இம்மருத்துவமனையும் ஒரே திருவல்லிக்கேணியில் இருப்பவை; ஆனால் வில்ஸ் வந்தபோது சுப்பாராவ் சென்னையை விட்டு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

1941 இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து சிறிதளவு பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு இதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையையும் ஈரலையும் நம்பினால் நோயாளிகளுக்குப் போதுமான அளவு கிடைக்காது. லெடர்லியில் ஸ்டாக்ஸ்டட், ஹட்சிங்ஸ், ஆஞ்சியர், வாலர் உள்ளிட்ட குழுவினர் இதன் தூய படிகங்களைப் பெற்று, கட்டமைப்பை உறுதிசெய்து, 1945–46 இல் செயற்கை முறைத் தயாரிப்பை அறிவித்தனர். டாம் ஸ்பைஸ் முதலிய மருத்துவர்கள் இதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகை சில நாட்களிலேயே தேறத் தொடங்கியது. சுப்பாராவின் உடன்பிறந்தோர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலத்துடன் டெட்ராசைக்கிளினையும் சேர்த்துச் சில மாதங்கள் தருவது பின்னர் வழக்கமாயிற்று. அந்த வகை மருந்துகளில் முதலாவதான ஆரியோமைசினும் சுப்பாராவின் ஆய்வுப்பிரிவில் பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்ததே. அது 1948 இல் அறிவிக்கப்பட்டது. 1960களில் தென்னிந்தியக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியபோது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மாதன் ஆகியோர் செய்த ஆய்வுகள் இந்நோய் குறித்த முதன்மையான ஆய்வுகளுள் அடங்கும்.

இரத்தப் புற்றுநோய்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் எலும்பு மச்சையில் முதிராத அணுக்கள் குவிவதையும் ஃபோலிக் அமிலக் குறைபாட்டில் காணப்படும் மாற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சுப்பாராவிடமிருந்து ஃபோலிக் அமிலச் சேர்மங்களைப் பெற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைவடைந்தது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களை வளர்க்குமாயின், அதனைத் தடுக்கும் பொருள் அவற்றை நிறுத்தக்கூடும் என்ற முடிவுக்கு இந்தத் தோல்வி இட்டுச்சென்றது. சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நோய் முற்றியதன் வழியே இந்த அறிவு கிடைத்தது என்பதைப் பதிவு செய்யாமல் விடுவது முறையன்று.

லெடர்லி வேதியியலாளர்கள் ஃபோலிக் அமில மூலக்கூறில் ஓர் ஐதராக்சில் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியைப் பொருத்தினர். அதுவே அமினாப்டெரின். மேலும் ஒரு மெதில் தொகுதி சேர்ந்தால் மெத்தோட்ரெக்சேட். 1947 இறுதியில் ஃபார்பர் அமினாப்டெரினைக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று அறிவித்தார். அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் பொதுவாகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவந்தனர். தணிவு நீடிக்கவில்லை எனினும், மருந்தினால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது முதன்முறையாகத் தெரிந்தது.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட் 8 அன்று, சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை.

தைமிடினுடன் உள்ள தொடர்பு

டி.என்.ஏ.யில் நான்கு எழுத்துகள் உள்ளன. அவற்றுள் மூன்று (அடினின், குவானின், சைட்டோசின்) ஆர்.என்.ஏ.யிலும் உண்டு. நான்காவதான தைமின் டி.என்.ஏ.க்கே உரியது, ஆர்.என்.ஏ.யில் அதன் இடத்தில் யுராசில் இருக்கும். தைமினும் டிஆக்சிரைபோசு என்னும் சர்க்கரையும் சேர்ந்ததே தைமிடின்.

உயிரணு தனக்கு வேண்டிய தைமிடின் பாஸ்பேட்டை யுராசில் கொண்ட நியூக்கிளியோட்டைடிலிருந்து தயாரிக்கிறது. அதற்கு ஒரே ஒரு கார்பன் அணுவை, மெதில் தொகுதியாக, அதனுடன் இணைக்க வேண்டும். அந்தக் கார்பனைச் சுமந்து வரும் வண்டியே ஃபோலிக் அமிலத்தின் ஒடுக்கப்பட்ட வடிவம். தைமிடிலேட் சின்தேசு என்ற நொதி சரக்கை இறக்கிக்கொள்கிறது. ஃபோலேட் பங்கேற்கும் மற்ற வினைகளில் வண்டி காலியானதும் அப்படியே அடுத்த சுமைக்குச் செல்லலாம். இவ்வினையில் மட்டும் வண்டியே பழுதாகி, டைஐதரோஃபோலேட் ஆகிவிடுகிறது. டைஐதரோஃபோலேட் ரிடக்டேசு என்ற வேறொரு நொதி அதனைப் பழுதுநீக்கினால்தான் மீண்டும் ஓடும். அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் இந்த இரண்டாவது நொதியில் இறுகப் பற்றிக்கொண்டு பழுதுநீக்கத்தை நிறுத்துகின்றன. வேகமாகப் பிரியும் அணுக்களில் தைமிடின் தேவை மிகுதி. வண்டிகளும் வேகமாகப் பழுதாகும். ஆகவே அவையே முதலில் முடங்குகின்றன. அடினின், குவானின் தயாரிப்பும் இதனால் பாதிக்கப்படுகிறது.

ஸ்ப்ரூவின் இரத்தசோகைக்கும் இதுவே விளக்கம். குடல் ஃபோலேட்டை உறிஞ்சாதபோது, மச்சையிலுள்ள அணுக்கள் உடலளவில் பருத்தாலும் டி.என்.ஏ.யை முடிக்க இயலாமல் பிரியாது நிற்கின்றன. நுண்ணோக்கியில் காணப்படும் பருத்த, முதிராத அணுக்கள் இவையே.

சுப்பாராவ் வாழ்ந்த காலத்திலேயே இதன் சுவடுகள் தெரிந்திருந்தன. ஃபோலிக் அமிலம் இல்லாத ஊடகத்தில் சில பாக்டீரியாக்கள் தைமினைக் கொடுத்தால் வளர்கின்றன என்று 1944 இல் ஸ்டோக்ஸ் காட்டினார். ஆனால் தைமிடிலேட் உருவாகும் வினையை ஃபிரீட்கினும் கார்ன்பெர்கும் விளக்கியது 1950களின் பிற்பகுதியில். மருந்து பற்றிக்கொள்ளும் நொதி எதுவென்பதும் அக்காலத்திலேயே தெளிவாயிற்று.

தைமிடின் டி.என்.ஏ.யில் மட்டுமே சேரும் என்ற பண்பு அதன்பின் ஆய்வாளர்களுக்குப் பெரும் கருவியாயிற்று. 1957 இல் ஹெர்பர்ட் டெய்லர் குழுவினர் கதிரியக்க ஐதரசன் கொண்ட தைமிடினை மொச்சை இனச் செடியின் வேர்களுக்கு ஊட்டி, நிறப்புரிகள் இரட்டிக்கும் முறையைப் படம் பிடித்தனர். அணுக்களை ஒரே கட்டத்தில் நிறுத்தி ஒருசேரப் பிரியச் செய்யவும் மிகை தைமிடின் பயன்படுகிறது. தைமிடினைப் போன்று தோன்றி, டி.என்.ஏ. சங்கிலியை இடையில் முடித்துவிடும் சிடோவுடின் (ஏ.இசட்.டி.) 1964 இல் புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டுப் பயன்படாமற் கிடந்து, 1987 இல் எய்ட்சு நோய்க்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்தாயிற்று.

இவற்றுள் சுப்பாராவின் பணியோடு நேரடியாகச் சேர்வது ஹேட் ஊடகம். ஐப்போசாந்தின், அமினாப்டெரின், தைமிடின் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளால் ஆன பெயர் இது. 1964 இல் லிட்டில்ஃபீல்டு இதனை அணுக்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தினார். அமினாப்டெரின் டி.என்.ஏ. தயாரிப்பின் முதன்மை வழியை அடைத்துவிடும். ஊடகத்தில் உள்ள தைமிடினையும் ஐப்போசாந்தினையும் மாற்று வழியில் பயன்படுத்திக்கொள்ளும் நொதிகளை உடைய அணுக்கள் மட்டுமே பிழைக்கும். 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றை வகை எதிர்ப்பொருட்களை உண்டாக்கும் கலப்பணுக்களை இம்முறையாலேயே பிரித்தெடுத்தனர். கலக்காத புற்றணு மாற்று நொதி இன்மையால் சாகும். கலக்காத மண்ணீரல் அணு சில நாட்களில் தானாகவே சாகும். இரண்டும் கலந்ததே எஞ்சும். மருந்துக்கடையில் விற்கும் கருத்தரிப்புச் சோதனைப் பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் இவ்வழியில் வந்தது.

பிற்காலப் பயன்பாடு

நச்சுத்தன்மை காரணமாக அமினாப்டெரின் 1950களில் ஒதுக்கப்பட்டு, மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது. 1956 இல் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் சூல்வித்தகத்தில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை, அது உடலெங்கும் பரவிய பின்னரும், இம்மருந்தால் குணப்படுத்தினர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு மருத்துவத்தில் மெத்தோட்ரெக்சேட் நிலையான உறுப்பாயிற்று. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மிகக் குறைந்த அளவில் தரப்படுகிறது. நாள்தோறும் உண்ண வேண்டியது எனத் தவறாகக் கருதி உண்டால் உயிருக்கு ஆபத்து நேரும்.

டைஎதில்கார்பமசின் 1947 இல் வெளியாயிற்று. இந்தியாவில் யானைக்கால் நோயை ஒழிக்க, பாதிப்புள்ள மாவட்டங்களில் வீடுவீடாக ஆண்டுக்கொருமுறை கொடுக்கப்பட்டு வந்த மாத்திரை இதுவே. தமிழ்நாட்டிலும் அதனை விழுங்கியவர் பலர். அதன் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

நினைவு

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1953 இல் புதிதாக அறியப்பட்ட ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயரிடப்பட்டது. அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1995 இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.